டீ ட்ரீ ஆயில் நம்ம தோட்டத்து எண்ணெயாம்!

லவ்டேல் மழை | காலை 9.10
நேற்று கவாத்துக்கத்தி இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "பருக்கறைக்கு டீ ட்ரீ ஆயில் தடவுங்கள். நம்ம நீலகிரித் தேயிலையில் எடுப்பது. ஏழே நாளில் முகம் கண்ணாடி." இதற்கு நாற்பது பேர் லைக் வேறு!

குப்பி என் கையில்தான் இருக்கிறது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. போனில் பெரிதாக்கிப் படித்தேன்: மெலலூகா ஆல்டர்னிஃபோலியா. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து மரம். நம் தேயிலை கமேலியா சைனென்சிஸ். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்புறம், பருக்கறை என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பரு ஆறிய இடம் சிவப்பாக நிற்பது ஒன்று. பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்பது இன்னொன்று. இவை இரண்டும் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். தோல் உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால் அது தழும்பு, அதை எந்த எண்ணெயும் நிரப்பாது.

கவாத்துக்கத்தி | 9.31
வாங்க மேடம். போன தடவை இங்கே ஊட்டி வர்க்கி ரொட்டிக்காகப் போட்ட சண்டையில் வாங்கியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை குன்னூரில் டீ ஃபேக்டரி. தாத்தா வாட்டும் தொட்டியில் இலை பரப்பியவர். எனக்குத் தேயிலைப் பாடமா? டீ என்றால் தேயிலை, ட்ரீ என்றால் மரம். கிளை வெட்டிக் கவாத்து பண்ணாமல் விட்டால் தேயிலை செடியாகவா நிற்கும்? மரமாகும். எங்கள் பழைய தோட்டத்து ஓரத்தில் கைவிட்ட செடிகள் கூரை உயரம் நிற்கின்றன. அதுதான் டீ ட்ரீ.

லவ்டேல் மழை | 9.38
மரமாகட்டும் ஐயா, வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த எண்ணெய் அந்த மரத்தில் வரவில்லை என்கிறேன்.

கவாத்துக்கத்தி | 9.40
தேயிலைக் கொட்டையில் எண்ணெய் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில்.

லவ்டேல் மழை | 9.44
உண்டு. அது வேறு எண்ணெய். சீனாவில் கமேலியாக் கொட்டையை ஆட்டிச் சமையலுக்கே ஊற்றுகிறார்கள். டீ ட்ரீ ஆயில் மெலலூகா இலையை ஆவியில் வடித்து எடுப்பது, யூகலிப்டஸ் தைலம் மாதிரி.

கவாத்துக்கத்தி | 9.45
"உண்டு." எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டார்.

பனிக்குல்லா | 9.52
அண்ணே, அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். நெற்றியில் முடி ஓரமாகப் பொடிப்பொடியாக வருகிறது. கேத்தியில் விடியற்காலை கேரட் லோடு ஏற்றும் வேலை, குல்லாவைக் கழற்றவே முடியாது. பழைய பரு போன இடமெல்லாம் கறுப்பு. என்ன போடலாம்?

கோடைப் பூண்டு | 10.05
தம்பி, நீலகிரிக்காரர்களைக் கேட்காதே. எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019லேயே புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு பல்லை நசுக்கி வை, ராத்திரியோடு பரு காலி.

லவ்டேல் மழை | 10.09
வர்க்கிக்கும் 2023ல் குறியீடு கிடைத்துவிட்டது. அதையும் முகத்தில் தேய்க்கட்டுமா? பச்சைப் பூண்டை ராத்திரி முழுக்க வைத்தால் தோல் வெந்து கொப்புளம் வரும். பருவாவது ஆறும், சூட்டுத் தழும்பை என்ன செய்வான்?

கோடைப் பூண்டு | 10.12
என் பாட்டிக்கு எண்பது வயதில் முகம் எப்படி இருந்தது தெரியுமா?

லவ்டேல் மழை | 10.13
எண்பது வயதில் யாருக்கு ஐயா பரு வருகிறது?

மாத்திரைப்பெட்டி, கோத்தகிரி | 10.30
பனிக்குல்லா தம்பி, தலைக்கு என்ன தடவுகிறீர்கள்? இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் கட்டியாகிவிடும். அடுப்போரம் வைத்து உருக்கி, ஒரு கை அள்ளி வைத்து, அதன்மேல் கம்பளிக் குல்லா. எண்ணெய் நெற்றிக்கு இறங்கி மயிர்த்துளையை அடைக்கிறது, குல்லா உரசி உரசி மீதியைச் செய்கிறது. முதலில் எண்ணெயைக் குறையுங்கள், குல்லாவை அடிக்கடி துவையுங்கள்.

பொடிப்பொடியாக அடைத்திருப்பதற்கு அடாபலீன் 0.1% ஜெல். ராத்திரியில் முகம் முழுக்கவும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். சீழ் வைத்த பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5%. துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் எரியும், உரியும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம். உள்ளே கட்டிகட்டியாக வலித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். பழைய கறுப்பு ஆழமாகாமல் இருக்கப் பகலில் சன்ஸ்கிரீன். மேகம் இறங்கியிருக்கிறதே என்று விடாதீர்கள், புற ஊதாக் கதிர் மூட்டத்தையும் தாண்டி வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது சுமார் 10% கூடும், ஊட்டியோ 2,240 மீட்டர்.

கவாத்துக்கத்தி | 10.34
பெராக்சைடு! துணியை வெளுக்கிற சரக்கைப் பையன் முகத்தில் போடச் சொல்கிறார். டீ ட்ரீயை ஆஸ்திரேலியாக்காரனே 1990ல் 124 பேருக்குத் தடவிப் பார்த்து, இந்தப் பெராக்சைடுக்குச் சமம் என்று எழுதினான். அது மட்டும் யார் கண்ணிலும் படாதே.

லவ்டேல் மழை | 10.41
நானும் படித்திருக்கிறேன். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. தடவியது 5% ஜெல், குப்பியிலிருந்து நேராக ஊற்றியதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் பார்த்தது பருவை. கறையை அல்ல, குழியை அல்ல. ஏழு நாள் கண்ணாடி எங்கே இருக்கிறது?

ஆராய்ச்சி ஆஸ்திரேலியாவில் நடந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மரம் எந்த ஊர் என்று இப்போதாவது தெரிகிறதா?

கவாத்துக்கத்தி | 10.43
ஆராய்ச்சி எங்கே நடந்தால் என்ன? இங்கிலாந்தில் டீ குடிக்கிறான், அங்கேயா விளைகிறது?

லவ்டேல் மழை | 10.47
மெலலூகா யூகலிப்டஸ் குடும்பம். நாவல், கொய்யா, பூங்காக்களில் சிவப்பாகத் தொங்கும் பாட்டில் பிரஷ், எல்லாம் அந்தக் கூட்டம். தேயிலை அதில் இல்லவே இல்லை.

கவாத்துக்கத்தி | 10.50
அப்படியானால் யூகலிப்டஸும் நம்ம ஊர் மரமில்லை என்பீர்கள்.

லவ்டேல் மழை | 10.51
இல்லைதான்! வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது.

கவாத்துக்கத்தி | 10.53
நீலகிரித் தைலம் நீலகிரியில் இல்லையாம். இதற்குமேல் இந்த அம்மாவிடம் என்ன பேச?

(பேசுகிறார். அடுத்த அரை மணியில் ஆறு பதிவு. தாத்தா, வாட்டும் தொட்டி, கூரை உயர மரம். நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். லவ்டேல் மழை, 11.25)

மாத்திரைப்பெட்டி, கோத்தகிரி | 11.30
மரச்சண்டை போதும். மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று பார்க்கிறவன் சொல்கிறேன். முகக்கறைக்கு என்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஏதோ வெள்ளையாக்கும் க்ரீம் போட்டவர்கள். உள்ளே பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு. முதலில் வழவழப்பாகத் தெரியும். போகப்போகத் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும். நிறுத்தினால் பரு வெடித்துக்கொண்டு வரும்.

லவ்டேல் மழை | 11.36
அதை விற்பது யார், நீங்கள்தானே? என் தங்கைக்குச் சீட்டும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல் ஒரு மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். எட்டு மாதம் போட்டாள். விட்ட பிறகு கல்யாண வீட்டுக்குக்கூட முக்காடு போட்டுத்தான் வந்தாள்.

மாத்திரைப்பெட்டி, கோத்தகிரி | 11.40
நான் சீட்டில்லாமல் கொடுப்பதில்லை. எவனோ செய்ததற்கு என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நல்லது சொல்ல வந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

லவ்டேல் மழை | 11.42
உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

மாத்திரைப்பெட்டி, கோத்தகிரி | 11.43
"நீங்கள்தானே" என்பது பொதுவா?

கோடைப் பூண்டு | 11.50
இதற்குத்தான் பூண்டு என்றேன். சீட்டே வேண்டாம்.

பனிக்குல்லா | மதியம் 1.15
லோடு முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். கவாத்துக்கத்தி அண்ணன் சொன்னாரே என்று நேற்றே அந்த எண்ணெய் வாங்கிவிட்டேன். எதிலும் கலக்காமல் தடவினேன். நெற்றி முழுக்கச் சிவந்து, கண் ஓரம் வரை எரிகிறது. என்ன செய்வது?

லவ்டேல் மழை | 1.18
உடனே நிறுத்து தம்பி. மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவு, தேய்க்காதே. எரிச்சல் அடங்கும் வரை வேறு எதையும் தடவாதே, அந்த ஜெல்கள்கூட இப்போது வேண்டாம். கண் வீங்கினால் டாக்டரிடம் போய்விடு. குப்பியைத் திறந்து பல நாள் ஆகியிருந்தால் இன்னும் மோசம், காற்றுப் பட்ட எண்ணெய்க்குத்தான் அலர்ஜி அதிகம்.

கவாத்துக்கத்தி | 1.22
தம்பி, எரிந்தால் அது ஆஸ்திரேலியச் சரக்கு. நம்ம தோட்டத்து எண்ணெய் எரியாது. எந்தக் கடையில் வாங்கினாய்?

லவ்டேல் மழை | 1.23
நம்ம தோட்டத்தில் அப்படி ஒரு எண்ணெயே கிடையாது!!

கவாத்துக்கத்தி | 1.25
மழை விட்டதும் தோட்டத்துக்குப் போய் அந்த மரத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். கொட்டையோடு.