நுவரெலியா, கண்டிப் பக்கம் குடும்பத்தோட உட்கார நல்ல பப்: எதைப் பார்த்துத் தெரிவு செய்றது?

பொகவந்தலாவை_பனி கேட்டது:

வணக்கம். அடுத்த மாசக் கடைசியில கொழும்பிலிருந்து சொந்தக்காரங்க ஒன்பது பேர் வர்றாங்க. நுவரெலியாவுல ரெண்டு ராத்திரி, கண்டியில ஒரு ராத்திரி தங்கல். நாலு பேர் குடிப்பாங்க, அதுல ரெண்டு பேர் பெண்கள். சித்தி சுத்த மரக்கறி. சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. வைன் ஸ்டோர்ஸ்ல வாங்கிட்டு வந்து ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்றது வேணாம். எல்லாரும் ஒரே மேசையில இருந்து நல்லா சாப்பிடணும், குடிக்கிறவங்க நிதானமா குடிக்கணும். எந்த மாதிரி இடத்துக்குப் போகலாம், போறதுக்கு முந்தி என்னென்ன விசாரிக்கணும்?

நானுஓயா_வாசி:

தம்பி, மலைநாட்டுல 'பார்'னு போர்டு போட்டதெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற பார் பெரும்பாலும் கால் போத்தல் சாராயத்தை நின்னபடி முடிச்சிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறவங்களுக்கானது. வெளிச்சம் கம்மி, பெண்களுக்குக் கழிவறை இருக்காது, குடிக்கிறப்போ கொறிக்கிற பைட்ஸ் காலையிலேயே பொரிச்சு கண்ணாடிப் பெட்டியில அடுக்கினது. தவறணையும், அதான் கள்ளுக் கடையும், உங்களுக்கு ஒத்து வராது. உங்க கூட்டத்துக்கு ஹோட்டலோட சேர்ந்த பார், இல்லாட்டி சாப்பாட்டு உரிமமும் மது உரிமமும் ஒண்ணா இருக்கிற ரெஸ்டூரண்ட்தான் சரி.

நுவரெலியாவுல கிராண்ட் ஹோட்டல் சுலபமான தெரிவு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இருந்த வீடு அது. பெரிய கூட்டத்துக்கு இடம் இருக்கு, அதே வளவுல இருக்கிற கிராண்ட் இந்தியன்ல சித்திக்கு வயிறு நிறைய மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும். சென் அண்ட்ரூஸ்ல பில்லியர்ட்ஸ் மேசையோட பழைய பார் அமைதியா இருக்கும், பெரியவங்களுக்குப் பிடிக்கும். லயன் பப் இளசுகளுக்கு, சத்தம் கூட. ஹில் கிளப் 1876ல தோட்டத்துரைமார் ஆரம்பிச்சது. வெளியாட்கள் தற்காலிக உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் உள்ள போகணும், ராத்திரி 7 மணிக்கு மேல சாப்பாட்டு மண்டபத்துக்கு ஆண்களுக்கு கோட்டும் டையும் வேணும். இல்லாதவங்களுக்கு அங்கேயே இரவல் தருவாங்க. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனா சின்னப் பிள்ளைங்களோட ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் சீசன்ல இந்தக் கணக்கெல்லாம் மாறிடும். கூட்டத்தைச் சமாளிக்க எல்லாக் கிச்சனும் பாதி வேலையை முன்கூட்டியே செஞ்சு வச்சிடும், தட்டுல வர்றதும் அப்படித்தான் இருக்கும். உங்க கூட்டம் வர்றது வார நாளா இருந்தா ரொம்ப நல்லது.

வாணலி_நெருப்பு:

இடத்தோட பேரைவிட அதோட அடுப்பைப் பாருங்க. ஜன்னல் வழியா கிரகரி ஏரி தெரியுதுங்கிறதுக்காகப் போய் உட்கார்ந்தா, ஆறின கோழியைத்தான் சாப்பிட வேண்டி வரும்.

ஒரு கிச்சனை அளக்க ஒரு தட்டு டெவில் சிக்கன் போதும். நல்லா செஞ்சா வெங்காயம் இதழ் இதழாப் பிரிஞ்சு, ஓரம் லேசாக் கருகி, கடிச்சா நறுக்குனு இருக்கும். கறி மிளகாய் பச்சை நிறம் மாறாம இருக்கும். சோஸ் துண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கும், தட்டுக்கு அடியில சிவப்புத் தண்ணி தேங்காது. இது கெட்டுப் போறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரு வாணலியில அஞ்சாறு ஆளுக்கு ஒண்ணாப் போடுறது. அத்தனை இறைச்சி விழுந்ததும் வாணலி சூடு இறங்கிடும், வெங்காயம் தண்ணி விடும், வதங்க வேண்டியது அவிஞ்சிடும். அந்தத் தண்ணியை மறைக்கக் கோர்ன் மாவும் தக்காளி சோஸும் அள்ளிக் கொட்டுவாங்க, அதான் சில இடத்துல டெவில் இனிப்பா, கொழகொழன்னு வருது. அதனால ஒன்பது பேர்னாலும் ரெண்டு தட்டுக்கு மேல ஒரே நேரத்துல சொல்லாதீங்க. அது முடியிற நேரம் அடுத்ததைச் சொல்லுங்க. 'ட்ரையா'ன்னு சொல்லிக் கேளுங்க, சொல்லாட்டி கிரேவியோட வந்திடும்.

ஹொட் பட்டர் கணவாய் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா நுவரெலியாவுக்குக் கணவாய் கரையோரத்துலருந்து ஏறி வரணும், பெரும்பாலும் ஐஸ்ல உறைஞ்சதுதான். உறைஞ்சது கூடாதுன்னு இல்ல, அவசரமாச் சுடுதண்ணியில போட்டு இளக்கினா ரப்பர் மாதிரி ஆகிடும். நல்ல எண்ணெய்ச் சூட்டுல ஒரு நிமிஷத்துக்குள்ள எடுத்து, பட்டர், வெங்காயத்தாள், செத்தல் மிளகாய்த் தூளோட ஒரு புரட்டு புரட்டி நேரா மேசைக்கு வரணும். மூடி போட்டுக் கொண்டு வந்தா அந்த ஆவியிலேயே மாவு ஊறிடும். வெயிட்டர்கிட்ட மூடாம கொண்டு வரச் சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டாங்க.

நுவரெலியாவுல எனக்கு நம்பிக்கை உள்ளூர் சாமான்லதான். மாவுல தோய்ச்சுப் பொரிச்ச காளான், வெலிமடை உருளைக்கிழங்கு, லீக்ஸ் போட்ட ஃப்ரைட் ரைஸ், கிடைச்சா ட்ரவுட் மீன். கடலைத் தாளிப்பு சொல்றதா இருந்தா ஒண்ணு கவனிங்க. நகரம் 1,868 மீற்றர் உயரத்துல இருக்கு, அங்க தண்ணி 94 பாகை அளவுலேயே கொதிச்சிடும், அதுக்கு மேல சூடேறாது. பிரஷர் குக்கர்ல போடாம வெறும் பானையில அவிச்சா கடலை வேக ரொம்ப நேரம் எடுக்கும், அவசரத்துல இறக்கினா நடுவுல கட்டியா இருக்கும். முதல்ல ஒரு சின்னத் தட்டு வாங்கி ஒரு கடலையை விரலால நசுக்கிப் பாருங்க. மசிஞ்சா இன்னொண்ணு சொல்லலாம்.

குளிர்ல தட்டு சீக்கிரம் ஆறிடும். பத்து நிமிஷத்துல டெவில்ல இருக்கிற எண்ணெய் உறையத் தொடங்கும். வெளித்திண்ணை மேசை அழகாத்தான் இருக்கும், இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உள்ள உட்காருங்க.

இப்ப சித்தி விஷயம். 'மரக்கறி'ன்னு மட்டும் சொன்னா இறைச்சி போடாம விட்டுடுவாங்க, அவ்வளவுதான் நடக்கும். கட்டச் சம்பல், லுணு மிரிஸ் ரெண்டுலயும் மாசிக் கருவாடு இருக்கும். ஃப்ரைட் ரைஸ்ல முட்டையும் சிக்கன் பவுடரும் விழும். காளான் வறுவல்ல ஒயிஸ்டர் சோஸ் விடுவாங்க. கணவாய் பொரிச்ச எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரியும். ஒவ்வொண்ணா பேர் சொல்லி வேணாம்னு சொல்லணும், எண்ணெய் வேறயான்னும் கேட்கணும். தனி எண்ணெய் இல்லாட்டி சித்திக்குப் பொரியல் எதுவும் சொல்லாதீங்க, வதக்கினது போதும். பன்றி இறைச்சி சாப்பிடாதவங்க இருந்தாலும் எண்ணெயைப் பற்றி இதே கேள்விதான்.

கண்டி_ஏரிக்கரை:

கண்டிக்கு நான் சொல்றேன். தலதா மாளிகைக்குப் பக்கத்துலயே குயின்ஸ் ஹோட்டல். நடந்து போய் வர வசதி, பெரியவங்களுக்கு மேடு ஏற வேண்டியதில்ல. அநாகரிக தர்மபால மாவத்தையில மேட்டுல இருக்கிற ஸ்லைட்லி சில்ட் காத்தோட்டமான இடம், சீனச் சாப்பாடு செய்வாங்க. பிள்ளைங்க சாப்பிட நூடில்ஸ் இருக்கும். மேட்டுக்கு ஓட்டோ பிடிச்சுப் போங்க.

மற்ற எல்லாத்தையும்விட முதல்ல கலண்டரைப் பாருங்க. போயா, அதான் பௌர்ணமி, அன்னைக்கு நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, வெசாக்குக்கு ரெண்டு நாள். ஒக்டோபர் 3 மதுவிலக்கு நாள், அன்னைக்கும் மூடல். எசல பெரஹரா நாட்கள்ல கண்டி நகர எல்லைக்குள்ள மூடச் சொல்லி மதுவரித் திணைக்களம் அறிவிக்கிறது வழக்கம். 'மாசக் கடைசி'ன்னு சொல்றீங்க, போயா எங்க விழுதுன்னு பார்த்துட்டு ரூம் போடுங்க. பல ரெஸ்டூரண்ட்ல மத்தியானம் 2 மணிக்கு மது நிறுத்தி 5 மணிக்குத்தான் திரும்பத் தொடங்குவாங்க. நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தா சாப்பாடு வரும், கிளாஸ் வராது.

குடிக்கிறவங்கள்ல ரெண்டு பேர் பெண்கள்னு சொன்னீங்க. பெண்களுக்கு மது விற்கக் கூடாதுன்னு 1979ல வந்த விதி ஒண்ணு இருக்கு. 2018 ஜனவரியில நீக்கி, சில நாள்லயே திரும்பக் கொண்டு வந்தாங்க. வைன் ஸ்டோர்ஸ்ல அதைக் காட்டி மறுப்பாங்க. ஹோட்டல் பார்ல குடும்பத்தோட உட்கார்ற பெண்களுக்குப் பரிமாற யாரும் தயங்குறதில்ல. 21 வயசுக்குக் கீழ யாருக்கும் விற்க மாட்டாங்க, இளசா தெரியிறவங்க அடையாள அட்டை கையில வச்சிருக்கணும். இந்த வயசுக் கட்டுப்பாட்டை வச்ச 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான் மூடின இடத்துக்குள்ள புகைக்கிறதையும் தடுக்குது. ஒரு இடத்துல உள்ளேயே புகை மண்டிக் கிடந்தா, பிள்ளைங்களோட அங்க உட்காராதீங்க.

பில்லுக்கு வருவோம். மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் அடையாளம் இருந்தா சேவைக் கட்டணமும் வரியும் வேறயா வரும்னு அர்த்தம். வழக்கமா சேவைக் கட்டணம் 10 வீதம், அதுக்கு மேல வற் வரி 18 வீதம். 1,000 ரூபா தட்டு 1,100 ஆகி, பிறகு 1,298 ஆகிடும். ஒன்பது பேர் பில்லுல இது பெரிய தொகை. அடையாளம் இல்லாட்டியும் 'எல்லாம் சேர்த்த விலையா'ன்னு ஓர்டர் கொடுக்கிறதுக்கு முந்தியே கேளுங்க. குடிவகைக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனி பில் போடச் சொன்னா பிறகு பங்கு பிரிக்கச் சுலபம்.

பொகவந்தலாவை_பனி:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும்தான். மாசி விஷயம் யோசிக்கவே இல்ல. இன்னும் மூணு: ட்ராஃப்ட் பியர் நல்லதா, போத்தலா? சாராயம் குடிக்காதவங்களுக்கு முதல்ல எதைக் கொடுக்கலாம்? ராத்திரி திரும்பி வர்றதுக்கு என்ன வழி?

பீப்பாய்_கணக்கு:

ட்ராஃப்ட் நல்லா ஓடுற இடத்துல மட்டும் ட்ராஃப்ட். பீப்பாயைத் திறந்த பிறகு நாள் போகப் போக ருசி இறங்கும், குழாயை ரெண்டு வாரத்துக்கு ஒருக்காவாவது கழுவணும். ஒரு கிளாஸ் மட்டும் முதல்ல எடுங்க. புளிப்பு வாடையோ, பழைய பட்டர் வாடையோ அடிச்சா குழாய் அழுக்கு. நுரை வந்தவுடனே அடங்கிப் போனா கிளாஸ்ல எண்ணெய்ப் பசை இருக்கு. ரெண்டுல எதுன்னாலும் போத்தலுக்கு மாறுங்க. சனிக்கிழமை ராத்திரி ஆள் நிறைஞ்ச இடத்துல கிடைக்கிற ட்ராஃப்ட், செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெறிச்சுக் கிடக்கிற இடத்துல கிடைக்காது.

லயன் பியர் முதல்ல காய்ச்சினதே நுவரெலியாவுலதான், இப்ப பியகமவுல. லாகர் 5 வீதத்துக்குக் கொஞ்சம் கீழ. ஸ்ட்ரோங், ஸ்டவுட் ரெண்டும் 8.8 வீதம். பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். கணக்குப் போட்டா ஒரு ஸ்ட்ரோங் போத்தல்ல 55 மில்லிலீற்றர் சுத்த மது இருக்கு. 33.5 வீதச் சாராயம் 50 மில்லிலீற்றர் ஊத்தினா அதுல 17கூட வராது. அதாவது ஒரு ஸ்ட்ரோங், மூணு பெரிய சாராயத்துக்கு மேல. 'பியர்தானே'ன்னு ரெண்டு போத்தல் ஸ்ட்ரோங் எடுக்கிறவங்கதான் மேசையில முதல்ல தள்ளாடுவாங்க. புதுசா குடிக்கிறவங்களுக்கு லாகர், அதுவும் ஒரு போத்தலை ரெண்டு கிளாஸ்ல பிரிச்சு.

ஸ்டவுட்டை ஃப்ரிஜ்லருந்து எடுத்து கால் மணி நேரம் மேசையில வச்சுட்டு ஊத்துங்க. கடுங்குளிர்ல வெறும் கசப்பு மட்டும் தெரியும். கொஞ்சம் இளகினா கோப்பி, கருப்பட்டி மாதிரி ருசி மேல வரும். நுவரெலியா ராத்திரிக்கு அதைவிடப் பொருத்தமான பியர் இல்லைங்கிறது என் முடிவு. டெவில் பன்றியோட எடுத்துப் பாருங்க.

சாராயத்துல 'தென்னைச் சாராயம்'னு போத்தல்ல போட்டிருக்கான்னு பாருங்க. மலிவானதுல வேற ஸ்பிரிட் கலந்திருக்கும். நல்ல பழைய சாராயத்துக்கு சோடா, ஒரு துண்டு தேசிக்காய் போதும், கோலா ஊத்தினா கொடுத்த காசு வீண். ஷொட் 25ஆ 50ஆன்னு கேட்டுக்கோங்க, மெனுவுல விலை ரெண்டுக்கும் வேற.

கித்துள் (கூந்தல் பனை) கள் ஆசைப்பட்டா அது காலை விஷயம். நேரம் ஏற ஏறப் புளிச்சு வேகம் கூடும். உரிமம் உள்ள தவறணை தவிர வேற எங்கயும் வாங்காதீங்க. கசிப்பு, அதான் கள்ளச் சாராயம், பக்கம் தலை வச்சே படுக்காதீங்க, அதுல மெத்தனோல் கலந்திருந்தா கண் போகும், உயிரும் போகும்.

நானுஓயா_வாசி:

திரும்பி வர்றதுக்கு சாரதியோட வேனை முழு ராத்திரிக்கும் பேசிடுங்க. நுவரெலியா டவுனுக்குள்ளயே தங்கினா ஓட்டோ போதும், ஆனா ஒன்பது பேருக்கு மூணு ஓட்டோ வேணும். ஒன்பது மணிக்கு மேல தெருவுல கிடைக்காது, ஹோட்டல் வாசல்ல சொல்லி எடுக்கணும். வெளியில தங்கினா பனி மூட்டத்தைக் கணக்குல எடுங்க. ஹட்டன் பக்கம் போற வேன் ரதெல்ல குறுக்கு வீதியில இறங்கவே கூடாதுன்னு சாரதிகிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. அந்த இறக்கத்துல பிரேக் சூடாகித்தான் விபத்து நடக்குது. சாரதிக்கும் சேர்த்துப் பத்துச் சாப்பாடுன்னு கணக்கு வைங்க, அவருக்கு உங்க மேசையிலருந்து ஒரு துளிகூட ஊத்த வேணாம்.

முதல் நாளே போன் போடுங்க. மத்தியானம் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவுல கூப்பிட்டா கிச்சன் ஓய்வா இருக்கும், சரியான ஆளே பேசுவார். ஒன்பது பேர், ரெண்டு பேர் பிள்ளைங்க, ரெஸ்டூரண்ட் பக்கம் ஒரே மேசை வேணும்னு சொல்லுங்க. மாசி, ஒயிஸ்டர் சோஸ், முட்டை இல்லாத மூணு வகை மரக்கறிக்கு என்ன செய்யலாம்னு கேளுங்க. 'வந்து பாருங்க, செய்யலாம்'னு மட்டும் சொன்னா வேற இடம் தேடுங்க. வகை பேரைச் சொல்லி, எத்தனை மணிக்குள்ள ஓர்டர் வேணும்னும் சொன்னா அந்த இடத்தையே பிடிச்சு வைங்க. கடைசி ஓர்டர் எத்தனை மணிக்குன்னு கிச்சனுக்கும் பாருக்கும் தனித்தனியா கேளுங்க. அனேகமா கிச்சன்தான் முதல்ல மூடும், அதனால ஏழு மணிக்கு முந்தியே உட்கார்ந்திடுங்க.