'சீக்ரெட் ஆர்மி' தொடரின் ஒளிபரப்பாகாத பகுதி குறித்து உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பெல்ஜியத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைக் காத்து, எல்லை கடத்தி அனுப்பிய எதிர்ப்பியக்கத்தினரைப் பற்றிய 'சீக்ரெட் ஆர்மி' தொடர், 1977 முதல் 1979 வரை பிபிசியில் வெளிவந்தது. அதில் வரும் 'லைஃப்லைன்' குழு கற்பனைதான். ஆனால் அதற்கு முன்மாதிரியான 'கோமெட்' என்ற தப்பிக்கும் பாதையை 1941இல் தொடங்கிய ஆந்த்ரே தெ யோங் என்ற இளம்பெண், விமானிகளுடன் பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைகளைப் பலமுறை நடந்தே கடந்து, 1943 ஜனவரியில் பிடிபட்டு, ராவென்ஸ்ப்ரூக் நாஜி வதைமுகாமையும் தாண்டி உயிர் மீண்டவர் என்பதை அறிந்த பிறகு, இத்தொடர் எனக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லை.

போர் முடிந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 1969இல் பழைய தோழர்கள் மீண்டும் சந்திப்பதாக எடுக்கப்பட்ட இறுதிப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. அதன் கதைச்சுருக்கத்தையோ அதில் பங்கேற்றவர்களின் நேர்காணலையோ படித்தவர்கள், எந்த நூலில் அல்லது இதழில் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். குறிப்பாக, உணவகம் நடத்தியபடியே குழுவை வழிநடத்திய ஆல்பர்ட், பிற்காலத்தில் அந்த ஆண்டுகளை எவ்வாறு நினைவுகூர்கிறார் என்பதை அறிய மிகவும் விரும்புகிறேன்.