முன்தோல் வெடிப்பு காட்டிக்கொடுத்த சர்க்கரை

ஈராண்டுகளுக்கு முன்பு, எனக்கு 43 வயதாக இருந்தபோது, குளிக்கையில் ஆண்குறியின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளினால் எரிச்சல் எடுக்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் தோலின் விளிம்பைச் சுற்றிலும் பிளேடால் கீறியதைப் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. மொட்டின் மேல் தயிர்த்துளி போல வெள்ளையாகப் படிந்தது. அழுக்குதான் காரணம் என்று எண்ணி, நாளுக்கு மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எரிச்சல் இரட்டிப்பானது. மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று மட்டும் சொல்லி வாங்கிய களிம்பு நான்கு நாட்கள் குணம் காட்டியது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

நான்கு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தவறான உறவால் வந்த நோய் என்று மனைவி நினைத்துவிடுவாளோ என்ற அச்சமே அதற்குக் காரணம். இறுதியில் தோல் இறுகிப் பின்னுக்கே வராத நிலையில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சென்றேன். மருத்துவர் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்?" என்பதுதான். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 9.8 என்று வந்தது, 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கொள்வார்கள். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் இறங்கத் தொடங்குகிறது என்றும், தோலுக்கு அடியில் தங்கும் ஈரத்தில் அந்தச் சர்க்கரையை உண்டு கேண்டிடா என்ற பூஞ்சை பெருகுகிறது என்றும் அவர் விளக்கியபோது, என் உடல் நான்கு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே மூடி மறைத்திருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

குளோட்ரிமசோல் களிம்பை நாளுக்கு இரு முறை, இரண்டு வாரங்கள் தடவச் சொன்னார். சோப்பை அறவே விட்டு வெறும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தோலை மறுபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். வலித்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் இதே தொல்லையைத் தரக்கூடும்; ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றும் அறிவுறுத்தினார்.

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

தோலை முன்னுக்கு இழுத்துவிடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன். என் அப்பாவுக்கு ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்கள், பின்னுக்குத் தள்ளிய தோலை அப்படியே விட்டுவிட்டார்கள். மாலைக்குள் மொட்டின் கழுத்தில் தோல் வளையமாக இறுகி, முன்பகுதி நீர்கோத்து வீங்கியது. இரவுப் பணி மருத்துவர் சில நிமிடங்கள் கையால் அழுத்திப் பிடித்து வீக்கத்தை வடியவைத்து, தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். இதற்குப் பாராஃபைமோசிஸ் என்று பெயர். விட்டால் இரத்த ஓட்டமே தடைபடும் என்பதால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் மகனுக்கு நான்கு வயது. குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவித் தோலைத் தள்ளிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்ததில் இரத்தம் கசிந்தது. குழந்தைகளுக்குத் தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயல்பு என்று குழந்தை மருத்துவர் கண்டித்தார். டென்மார்க்கில் பள்ளிச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்த அய்ஸ்டர் என்ற மருத்துவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், 16, 17 வயதில் நூற்றுக்கு ஒருவருக்கே இறுக்கம் இருந்தது. இழுத்துக் கிழித்தால் தழும்பு விழுந்து உண்மையான இறுக்கம் வரக்கூடும்.

முதலில் எழுதியவர்:

அறுவை தேவைப்பட்டதா என்று தனிமடலில் சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தேவைப்படவில்லை, சர்க்கரை குறைந்ததும் ஆறு வாரங்களில் தோல் இளகியது. விளிம்பு வெளுத்து, கெட்டியான தழும்பாகிவிட்டால் மட்டும் அறுவையைத் தவிர்ப்பது கடினம் என்றார்கள். ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, "இதை நான்கு மாதம் தனியாகவா சுமந்தீர்கள்?" என்று மட்டுமே கேட்டாள். சென்ற மாதம் என் மைத்துனர் என்னைத் தனியே அழைத்து, தயங்கித் தயங்கி இதே வெடிப்பைப் பற்றிக் கேட்டார். மறுநாள் காலையிலேயே ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். வெறும் வயிற்றில் அவருக்கு 212.