மைசன் ஸ்டோன்வேர் பதக்கம்: அசலா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி
ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையின் செம்பழுப்பு ஸ்டோன்வேர் (இறுகச் சுட்ட களிமண்) நினைவுப் பதக்கம் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் இந்த ஸ்டோன்வேரை உருவாக்கிய பெட்கரின் தலை, 1710 என்ற ஆண்டு. பின்பக்கம் ஆலையின் குறுக்கு வாள் முத்திரை. விளிம்பில் தங்கம். 300 வருடப் பழசு என்கிறார் விற்பவர். படம் மட்டும்தான் பார்த்தேன். என்ன கேட்க வேண்டும்? வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது?

பதில் 1
300 வருடமெல்லாம் இல்லை. 1710 ஆலை தொடங்கிய ஆண்டு, அவ்வளவுதான். பெட்கர் இறந்தது 1719. வாள் முத்திரை புழக்கத்துக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1720களில். ஆரம்ப கால ஸ்டோன்வேரில் பெரும்பாலும் ஆலை முத்திரையே இருக்காது. இந்த மண்ணை ஆலை மறுபடி கையில் எடுத்தது முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில், மாக்ஸ் அடால்ஃப் ஃபைஃபர் ஆலைப் பொறுப்பில் இருந்தபோது. ஆலை இருக்கும் சாக்சனி மாநிலத்துக்காக 20 ஃபென்னிக் முதல் 20 மார்க் வரை ஸ்டோன்வேர் காசுகள் வந்ததும் 1920, 1921இல்தான். உங்களுடையதும் 20ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தையது. அதற்கேற்ற விலை மட்டும் கொடுங்கள்.

பதில் 2
முத்திரையை நம்பாதீர்கள். அசலிலிருந்து அச்சு எடுத்தால் வாளும் சேர்ந்தே வந்துவிடும். முதலில் கேட்க வேண்டியது விட்டம், மில்லிமீட்டரில், காலிப்பர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்த படத்தோடு. களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் 50 மிமீ அசலிலிருந்து எடுத்த மண் நகல் 45 மிமீ பக்கம் வந்து நிற்கும். சூளைக்குச் சூளை சிறு வித்தியாசம் அசலிலும் உண்டு. அரை மிமீக்கெல்லாம் சண்டை போட வேண்டாம்.

ரெசின் (அச்சில் ஊற்றி இறுகும் பிளாஸ்டிக்) நகல் இப்படிச் சுருங்காது, அளவு சரியாகவே இருக்கும். அங்கே தலைமுடிக் கோடுகளையும் எழுத்தின் ஓரங்களையும் பாருங்கள்: மழுங்கலாகவும் ஊசிமுனைக் குமிழிகளோடும் இருந்தால் விட்டுவிடுங்கள். சில்லு பெயர்ந்த இடம் இருந்தால் அதிர்ஷ்டம். அசலில் உள்ளேயும் அதே செம்பழுப்புதான். வெள்ளை தெரிந்தால் மேலே பூசிய சாயம்.

பதில் 3
கைக்கு வந்ததும் தங்கம் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இந்த மண் இறுகி வெந்தது, சொட்டு அப்படியே நிற்கும். உறிஞ்சினால் அது சாதாரணச் சுடுமண்.

சுத்தம் செய்ய மென்தூரிகை, காய்ச்சி வடித்த நீர், காரமில்லாத சோப்பு ஒரு துளி போதும். தங்க விளிம்பைத் தேய்க்கக் கூடாது. அது மெல்லிய படலம், போனால் போனதுதான். பளபளப்புக்கு எண்ணெயோ மெழுகோ தடவாதீர்கள், எழுத்துப் பள்ளங்களில் தங்கித் தூசியைப் பிடிக்கும். பிவிசி உறையும் வேண்டாம். நாளாவட்டத்தில் பிசுபிசுப்பைக் கக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

கேட்டவர்
விட்டம் 46 மிமீ என்கிறார். ஏலப் பட்டியல்களில் இதே வடிவம் 51 மிமீ.

பதில் 2
இதே வடிவம் சின்ன அளவிலும் வந்ததா என்று பட்டியலில் ஒருமுறை தேடுங்கள். இல்லையென்றால் ஏலம் கேட்காதீர்கள்.