காவற்புலம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

பவளப்பாறைகளில் வாழும் சிறு மீனான டாம்செல்லைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பது பற்றித் தமிழில் எழுத முனையும்போது, ‘டெரிட்டரி’ (ஒரு விலங்கு தனதாக்கிக் காக்கும் இடம்) என்பதற்குச் சரியான சொல் இல்லாமல் தடுமாறுகிறோம். எல்லை, ஆதிக்கப் பகுதி, பிரதேசம், ஆட்புலம் என்பவற்றை நண்பர்கள் முன்வைத்துள்ளனர். நான் ‘காவற்புலம்’ என்பதை முன்மொழிகிறேன்.

மீனின் நடத்தையிலிருந்தே தொடங்கலாம். நாகர்கோவிலில் என் வீட்டுத் தொட்டியிலுள்ள நீல டாம்செல், உடைந்த மண்சட்டித் துண்டு ஒன்றின் அடியில் குடியிருக்கிறது. வேறொரு மீன் ஒரு சாண் தொலைவுக்குள் வந்தால் முதுகுத் துடுப்பை விறைப்பாக நிமிர்த்தி, உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டும். வந்த மீன் அதற்கும் விலகாவிட்டால் அதன் வாலை நோக்கிப் பாய்ந்து கொத்தும். ஆனால் அது ஓடத் தொடங்கியதும் தொட்டி முழுதும் துரத்துவதில்லை. ஓரிடத்தில் நின்று, திரும்பிச் சட்டிக்கே வந்துவிடும். இரை போடும் வேளையில் அதே மீன் தொட்டியின் மறுகோடிவரை சென்று, மற்ற மீன்களோடு பூசலின்றித் தின்கிறது. ஆக, அது நடமாடும் பரப்பு வேறு, காக்கும் பரப்பு வேறு.

இந்த வேறுபாட்டைக் காட்டாத எந்தச் சொல்லும் நமக்குப் பயன்படாது. ‘எல்லை’ என்பது பரப்பின் விளிம்பை மட்டுமே சுட்டும். ‘ஆதிக்கம்’ என்பதை, இடம் எதுவாயினும் ஒரு மீன் மற்றொன்றை அடக்கி வைக்கும் நடத்தைக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. ‘ஆட்புலம்’ ஈழத்துச் சட்டத் தமிழில் அரசின் நிலப்பரப்பைக் குறித்து வழங்குகிறது. தொட்டி வைத்திருப்போர் பேச்சில் ‘மீன் எடம் பிடிச்சிட்டு’ என்கிறோமே, அதிலிருந்து ‘பிடியிடம்’ என ஆக்கலாம் என்ற கருத்து எனக்கும் பிடித்திருந்தது. ஆயினும் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அது பிடிப்பதைச் சொல்கிறதே தவிர, ஓயாது காப்பதைச் சொல்லவில்லை.

‘காவல்’ என்னும் அடை இங்குப் புதிதன்று. அரணைச் சூழ்ந்த காவற்காட்டையும் காவல் மரத்தையும் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். ‘புலம்’ என்பதற்கு இடம் என்பதோடு வயல் என்ற பொருளும் உண்டு. ஸ்டெகாஸ்டஸ் பேரினத்து டாம்செல் மீன்கள் பல, பாறைமேல் தமக்கு உகந்த பாசியைப் பேணி வளர்த்து, மேய வரும் பிற மீன்களை விரட்டுகின்றன. அவற்றைப் பொறுத்தவரை புலம் உண்மையிலேயே விளைநிலம்தான். காவலின்றி வெறுமனே நடமாடும் பரப்பை ‘உலவுபுலம்’ எனலாம்.

எழுதிப் பார்க்கும்போதும் சொல் இடறவில்லை: “டாம்செல்லைக் கடைசியாக விடுங்கள், முதலில் விட்டால் சிறு தொட்டி முழுவதையுமே அது தன் காவற்புலமாக்கிக்கொள்ளும். அப்படி நேர்ந்துவிட்டால், புதிய மீனை விடுமுன் கற்களை மாற்றி அடுக்கிப் பழைய காவற்புலத்தைக் குலையுங்கள்.” மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சைத் தாங்கும் என்பதற்காக, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகும் முன்பே டாம்செல்லை விடும் வழக்கம் இரட்டைத் தீங்கு என்பதையும் இச்சொல்லைக் கொண்டு எளிதில் விளக்கலாம்: மீன் நஞ்சில் வதைபடுகிறது, பிழைத்தால், பின்னர் வருவனவற்றுக்கு இடமே விடுவதில்லை. இனப்பெருக்கம் பற்றி எழுதவும் இச்சொல் வேண்டும். நமக்கு அருகிலுள்ள விழிஞ்ஞத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் சில டாம்செல் இனங்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்துள்ளது. பாறையில் ஒட்டிய முட்டைகளை ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும் நாள்களில்தான் காவற்புலப் பூசல் மிகக் கடுமையாக இருக்கும்.

மீனின் பெயரை மட்டும் இப்போதைக்கு ‘டாம்செல்’ என்றே விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து. ‘டாம்செல்’ என்பதன் நேர்ப்பொருளில் ‘கன்னிமீன்’ என்றால் நம் மாவட்டத்தில் அதைக் குமரிக் கடலுக்கே உரிய மீனாக எண்ணிவிடுவர். ‘பாறைக் குறுமீன்’ என்பதும் பொருந்தாது; நம் சந்தைகளில் ‘பாறை’ என்பது முற்றிலும் வேறொரு மீன். மேலும், கோமாளி மீனும் இதே பொமாசென்ட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், குடும்பப் பெயர் இரண்டையும் தாங்க வேண்டும். முட்டம், கடியபட்டினம், குளச்சல் கரைகளில் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் பிடிப்போர் இச்சிறு மீன்களை எப்படி அழைக்கின்றனர் என்பதை, அங்கே உறவும் பழக்கமும் உள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு பெயரை முடிவு செய்யலாம். காவற்புலம், உலவுபுலம் ஆகிய இரண்டுக்கும் மறுப்பு இருப்பின், எந்த வாக்கியத்தில் அவை பொருந்தவில்லை என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டுகிறேன்.