பதில்: ஆஃபென்சிவ் லைனுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு வாரமா இந்த இழையைப் படிச்சிட்டே இருந்தேன், உக்காந்து எழுத இன்னைக்குத்தான் முடிஞ்சது, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. முதல்ல இந்தக் கேள்வியை நான் ஏன் கிளப்பினேன்னு சொல்லிடறேன். நான் இங்க மிச்சிகன்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கறேன். போன மாசம் பசங்களை சனிக்கிழமை என்ன பண்ணீங்கன்னு பத்து வரி எழுதச் சொன்னேன், பாதிப் பேர் காலேஜ் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, பந்தைக் கையில எடுத்துட்டு ஓடற அமெரிக்க ஃபுட்பால்) மேட்ச் பத்தித்தான் எழுதினாங்க, இந்த ஊர்ல சனிக்கிழமைன்னா அதுதான். அதுல ஒரு பையன் ரொம்ப ஆசையா எழுதின வரி: "எங்கள் புண்படுத்தும் கோடு நன்றாக விளையாடியது." எனக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம் கேட்டாத்தான் தெரியுது, ஆஃபென்சிவ் லைன்ங்கறதை கம்ப்யூட்டர்ல போட்டு வந்ததை அப்படியே எழுதியிருக்கான். அவனை என்ன சொல்றது? நம்மகிட்ட சொல் இல்ல, அவன் எங்க போவான்?

> தாக்குவரிசைன்னு வெச்சா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?

கோவை ஐயா, நீங்க சொன்னதை நானும் முதல்ல யோசிச்சேன். ஆனா அந்த அஞ்சு பேரும் செய்யற வேலையைப் பாத்தா அது ஒட்டவே மாட்டேங்குது. நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, அதுக்கும் வெளிய டேக்கிள், மொத்தம் அஞ்சு. ஆஃபென்ஸ்னா பந்து எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம், அவ்வளவுதான், அங்க தாக்குதல்ங்கற பொருளே பெருசா இல்ல. இவங்க பந்தை எறியவும் மாட்டாங்க, வழக்கமா முன்னாடி எறியற பந்தைப் பிடிக்க விதியே விடாது. அந்த உரிமை இல்லாதவங்கன்னு தெரியறதுக்காகவே 50லேர்ந்து 79 வரைக்கும்தான் சட்டை நம்பர். குவார்ட்டர்பேக், அதாவது பின்னாடி நின்னு பந்தை வாங்கி எறியறவர், பந்தை எறியற வரைக்கும் எதிராளி அவரை நெருங்கவிடாம நிக்கணும், இல்லன்னா பந்தோட ஓடறவனுக்கு ஆளைத் தள்ளி வழி உண்டாக்கணும், இந்த ரெண்டுதான் வேலை. இவங்களைப் போய் தாக்குவரிசைன்னு சொன்னா படிக்கறவன் கோல் போடற ஃபார்வர்டுன்னு நினைச்சுக்குவான், சாக்கர் பாத்துப் பழகின நம்ம ஆளுங்களுக்கு அது நிச்சயமா குழப்பும்.

> கபடில கை கோத்து நிப்பாங்கல்ல, அந்த சங்கிலியையே எடுத்துக்கலாமே

தம்பி, நம்ம மண்ணோட விளையாட்டுலேர்ந்து எடுக்கணும்னு நீ நினைச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா ரெண்டு சிக்கல். கபடில பாடி வர்றவனைப் பிடிக்கறதுதான் ஆட்டமே, இங்க பிடிச்சா குத்தம், எதிராளி சட்டையைப் பிடிச்சு இழுத்தா ஹோல்டிங்னு சொல்லி 10 யார்டு பின்னாடி தள்ளிடுவாங்க, கையைத் திறந்து வெச்சு நெஞ்சுல முட்டிக்கிட்டே நிக்கணும். இன்னொண்ணு, 10 யார்டு அளக்கறதுக்கு ரெண்டு கம்புக்கு நடுவுல நிஜமாவே ஒரு சங்கிலி கட்டி மைதான ஓரத்துல வெச்சிருப்பாங்க, அதுக்கு சங்கிலின்னே சொல்லிடலாம், அந்தச் சொல்லை இங்க செலவழிச்சிட்டா அங்க முழிக்கணும்.

> தாங்கணி? தாங்கு + அணி. பாதுகாக்கறவங்கங்கற பொருளும் வந்துடும்.

டொரண்டோ அக்கா சொன்ன இதுதான் என்னை ரெண்டு நாள் தூங்கவிடல. காதுக்கு நல்லா இருக்கு. எனக்கு இருந்த தயக்கம் என்னன்னா, தாங்குறதுன்னா நின்ன இடத்துல நிக்கறது மட்டும்தானே, முன்னேறித் தள்றது எங்க போச்சு? 2023 நவம்பர் 11ல பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஊர்ல போய் மிச்சிகன் பல்கலைக்கழக டீம் ஆடின மேட்சை எடுத்துக்கோங்க. வரிசையா 32 பிளே (பந்தை எடுத்து ஆடற ஒவ்வொரு தடவையும் ஒரு பிளே), எல்லாம் எறியாம பந்தோட ஓடற ஓட்டம். நடுவுல ஒரு எறி பெனால்டில போச்சு, அது கணக்குல வராது, ரெண்டாம் பாதி முழுக்க ஒரு பாஸ்கூட கணக்குல இல்ல. எதிராளிக்கும் தெரியும் ஓடத்தான் போறாங்கன்னு, அரங்கத்துல இருக்கற லட்சம் பேருக்கும் தெரியும், தெரிஞ்சும் நிறுத்த முடியல, 24-15ன்னு ஜெயிச்சுட்டு வந்தாங்க. அன்னைக்கு ஆடினவங்களைப் பாத்து தாங்கினாங்கன்னு மட்டும் சொன்னா பத்தாது, அவங்க ஏறிப் போனாங்க.

இப்படி மண்டையை உடைச்சிட்டு இருக்கறப்பதான் படைமாட்சில வர்ற குறள் ஞாபகம் வந்துச்சு. "தார்தாங்கிச் செல்வது தானை." தார்ங்கறது எதிரியோட முன்படை. பரிமேலழகர் உரையை எடுத்துப் பாத்தேன், எதிரி முன்படை தன்மேல வராம தடுத்து, தான் அதுமேல செல்றதுதான் படைங்கற மாதிரி பொருள் சொல்றார். தாங்கி, செல்வது! ரெண்டு வேலையும் ஒரே மூச்சுல வந்துடுச்சு. இதைப் படிச்சதும் என் தயக்கம் போயிடுச்சு, தாங்குறதுன்னா சும்மா நிக்கறதுன்னு நான்தான் சுருக்கிப் பாத்திருக்கேன், நம்ம மொழில அது முன்ன போறதோட சேந்தே வருது.

அக்கா, தாங்கு உங்களோடது, அது இருக்கட்டும். அணியை மட்டும் மாத்தலாமான்னு கேக்கறேன், ஏன்னா அணின்னா இப்ப எல்லாருக்கும் மொத்த டீம்தான், "மிச்சிகன் அணியின் தாங்கணி"ன்னு எழுதினா இடிக்குது. அதனால தாங்குநிரை. பிளஸ் டூ கணக்குல மேட்ரிக்ஸ்ல பக்கவாட்டா போறதை நிரைன்னும் மேலேர்ந்து கீழ வர்றதை நிரல்னும்தான் படிச்சோம், இலங்கைலயும் நிரை நிரல்தான்னு நினைக்கறேன், அஞ்சு பேரும் பக்கத்துல பக்கத்துல தோளோட தோள் நிக்கறதுக்கு அது பொருந்தும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். அஞ்சு பேரையும் சேத்து ஒத்தைச் சொல்லா இருக்கணும், "தடுப்பாட்டக்காரர்கள்"னு பன்மைல இழுக்கக் கூடாது. காலேஜ் ஃபுட்பால்ல ஜோ மூர் விருதுன்னு ஒண்ணு 2015லேர்ந்து குடுக்கறாங்க, அது ஆளுக்குக் கிடையாது, மொத்த ஆஃபென்சிவ் லைனுக்குத்தான். மிச்சிகன் 2021, 2022 ரெண்டு வருஷமும் தொடர்ந்து வாங்கினாங்க. 2024ல ஆர்மி வாங்கினாங்க. நாலு பேர் பிரமாதமா ஆடி ஒருத்தர் ஒரு அடி தப்பா வெச்சாலும் குவார்ட்டர்பேக் தரையில கிடப்பார், அப்ப அந்த லைனே சரியில்லன்னுதான் பேச்சு வரும்.

2023 நவம்பர் 25, ஒஹாயோ ஸ்டேட் கூட மேட்ச், இங்க ஆன் ஆர்பர்ல. மூணாவது குவார்ட்டர், 17-17. வலது கார்டு ஸாக் ஸின்டர், 65ம் நம்பர், கால் எலும்பு உடைஞ்சு கீழ விழுந்துட்டார். மொத்த டீமும் களத்துக்குள்ள வந்து சுத்தி நின்னாங்க, வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. உடனே வலது டேக்கிள் கார்சன் பார்ன்ஹார்ட் ஒரு இடம் உள்ள நகந்து கார்டு ஆனார், டேக்கிள் இடத்துக்கு ட்ரென்டே ஜோன்ஸ் வந்தார். அதுக்கு அடுத்த பிளே, அடுத்ததே, பந்தோட ஓடற பிளேக் கோரம் 22 யார்டு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிட்டார், டச்டவுன். ஓடி முடிச்சதும் விரலைக் காட்டறார், ஆறு, அஞ்சு. நான் வீட்டுல டிவி முன்னாடி எந்திரிச்சு நின்னுட்டேன், கண்ணு கலங்கிடுச்சு. ஆள் மாறிடுச்சு, நிரை மாறல. இதைத் தமிழ்ல எழுதணும்னா எனக்கு அந்த ஒத்தைச் சொல் வேணும்.

அன்புடன்,
மிச்சிகன்லேர்ந்து

————

கோவை ஐயா எழுதியது:

> குறள் எடுத்துக்காட்டு அருமை, தாக்குவரிசையை நான் விட்டுடறேன். ஆனா நிரைன்னா எனக்கு மாட்டு மந்தைதான் ஞாபகம் வருது, நிரை கவர்தல், நிரை மீட்டல். அதுக்குப் பதிலா தார்னே வெச்சுடலாமே, சின்னச் சொல், முன்படைங்கற பொருளும் நேரா இருக்கு. அப்புறம் எதிர்ப்பக்கம் நிக்கற டிஃபென்சிவ் லைனுக்கு என்ன வெக்கறதா உத்தேசம்?

————

ஐயா, விட்டுக்குடுத்ததுக்கு ரொம்ப நன்றி.

தார் எனக்கும் ஆசைதான், ஆனா பசங்ககிட்ட தார்னு சொன்னா ரோடு போடறதுதான் தெரியும், ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு வாழைத்தார். சொல்லிச் சொல்லி விளங்க வெக்கலாம், ஆனா பத்து வயசுப் பையன் வாயில ஒட்டணும்ல. நிரைல அந்தச் சிக்கல் கம்மி, ஆநிரைன்னு சேத்துச் சொன்னாத்தான் மாடு, "நிரைநிரையா நின்னாங்க"ன்னு மனுஷங்களுக்கும் எழுதறோமே. முன்னாடி தாங்கு வந்துட்டா மாட்டு நினைப்பு வராதுன்னு நம்பறேன்.

டிஃபென்சிவ் லைன் பத்தி நீங்க கேட்டது சரியான கேள்வி. குறள்படி பாத்தா அவங்கதான் தார், தாங்கி நிறுத்த வேண்டிய எதிரி முன்படை. பேர்ல டிஃபென்ஸ் இருக்கு, ஆனா பாஞ்சு வந்து உடைக்கறது அவங்கதான், ஆஃபென்ஸ்னு பேர் வெச்சவங்க தடுத்துட்டு நிக்கறாங்க, இங்கிலீஷ்ல பேரே தலைகீழாத்தான் இருக்கு, நாம அதை அப்படியே சுமக்க வேண்டியதில்ல. நான் முட்டுநிரைன்னு வெச்சுப் பாத்தேன், தாங்குநிரைக்கு எதிர முட்டுநிரை. ஆனா முட்டுக் குடுக்கறதுன்னா நம்ம ஊர்ல தாங்கிப் பிடிக்கறதும்தான், சுவருக்கு முட்டுக் குடுப்பாங்கல்ல, அதனால எனக்கே முழுத் திருப்தி இல்ல. பாய்நிரை? யாராவது இதை விட நல்லதா சொன்னா எடுத்துக்கறேன்.

எழுதிப் பாத்த சில வாக்கியங்கள் கீழ, இடிக்கற இடம் இருந்தா சொல்லுங்க.

வாஷிங்டன் தாங்குநிரை 2023க்கான ஜோ மூர் விருது வாங்கிட்டு வந்தும், 2024 ஜனவரி 8 இறுதிப் போட்டியில மிச்சிகன் 34-13ன்னு ஜெயிச்சது.

ஸின்டர் இல்லாத தாங்குநிரையை வெச்சுக்கிட்டே அன்னைக்கு மிச்சிகன் ஓட்டத்துல 303 யார்டு எடுத்தது.

வெளியூர் மைதானத்துல கூச்சல்ல ஒண்ணும் கேக்காது, அதனால தாங்குநிரையில ஒரு கார்டு திரும்பி குவார்ட்டர்பேக்கைப் பாத்துட்டு சென்டரை லேசாத் தட்டுவார், சென்டர் தலையை அசைச்சிட்டு பந்தைப் பின்னாடி குடுப்பார்.

மூணாவது வாக்கியத்துல "பந்தைப் பின்னாடி குடுப்பார்"னு சுத்திச் சொன்னேன் பாருங்க, ஸ்னாப்புக்கு சொல் இல்ல. அதுக்குத் தனி இழை தொடங்கறேன், அக்கா நீங்க முதல்ல எழுதுங்க. ஞாயித்துக்கிழமை வகுப்புல தாங்குநிரையைப் போர்டுல எழுதப் போறேன், அந்தப் பையன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான்.

அன்புடன்,
மிச்சிகன்லேர்ந்து