மோதிய பஸ் எரிவது டேங்காலா, வயரிங்காலா?

ரியர்ஆக்சில்:
கர்னூல் விபத்துக்குப் பிறகும் அதே "ஷார்ட் சர்க்யூட்" பேச்சு. 2025 அக்டோபரில் அங்கே ரோட்டில் விழுந்து கிடந்த பைக் ஸ்லீப்பர் பஸ்ஸின் அடியில் மாட்டியது, பஸ் அதை இழுத்துக்கொண்டே போனது. பைக் டேங்கின் பெட்ரோலும் தார் ரோட்டில் இரும்பு உரசும் பொறியும் ஒரே இடத்தில். 2013 பாலெம் விபத்திலும் பஸ் சிறுபாலத்தில் மோதி டீசல் டேங்க் உடைந்தது, 45 பேர் போனார்கள். டேங்க் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன தடுப்பு என்று கேட்காமல் வயரையே பிடித்துத் தொங்குகிறோம்.

கரூர்_பட்டறை:
பெட்ரோலுக்குச் சரி சார். டீசலையும் அதே கணக்கில் சேர்க்காதீங்க. தரையில் கொட்டின டீசலில் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். கொளுத்த வேறொன்று வேணும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போற தடி கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. 24 வோல்ட் கேபிள் நசுங்கி சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

ரியர்ஆக்சில்:
தீக்குச்சிக் கதை ஆறின டீசலுக்கு. நம்ம ஐஎஸ் 1460 தரத்தில் டீசலின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி பொறி பட்டால் பற்றும் குறைந்தபட்ச வெப்பநிலை, 35 டிகிரி இருந்தாலே போதும். ஐரோப்பாவில் 55க்கு மேல். காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும்) இன்ஜினில் எரியாமல் மிஞ்சும் சூடான ரிட்டர்ன் டீசல் டேங்குக்கே திரும்புகிறது. மே மாதத்தில் நாள் முழுக்க ஓடிய வண்டியில் 35ஐத் தாண்டுவது சாதாரணம். டேங்க் கிழிந்தால் டீசல் பீய்ச்சும், பொடித்துளியாகச் சிதறும். சிதறியது ஃபிளாஷ் பாயிண்டுக்குக் கீழேயும் எரியும். அப்புறம், பின் இன்ஜின் பஸ்ஸில் ஸ்டார்ட்டரும் பின்னால்தானே? முன்னால் மோதினால் அந்தக் கேபிள் ஏன் நசுங்குது?

கரூர்_பட்டறை:
நல்ல கேள்வி. ஆனால் டேஷ்போர்டுக்கு மின்சாரம் கொண்டுபோற மெயின் ஃபீடு வயர் பஸ்ஸின் நீளம் முழுக்க ஓடுது. அதில் எல்இடி, சார்ஜிங் பாயிண்ட், இன்வெர்ட்டர் என்று வழியிலேயே தோலைச் சீவி முறுக்கி டேப் சுத்தி விடறாங்க. தகடு ஓட்டையில் ரப்பர் புஷ் கூட இருக்காது. மோதலில் முதலில் அறுபடறது அந்த இடம்தான். சைலன்சர் சூட்டைச் சொல்லாதீங்க: டீசல் தானாகப் பற்ற 210 முதல் 250 டிகிரி என்பது ஆய்வகக் குடுவைக்குள்ளே. திறந்த உலோகப் பரப்பில் அதைவிட நூறு, இருநூறு டிகிரி கூட வேணும். அது டர்போகிட்ட உண்டு, முன் டேங்குகிட்ட இல்லை.

அப்பர்பெர்த்:
எது கொளுத்தினாலும் உள்ளே இருப்பவனுக்குக் கிடைப்பது சில நிமிஷம். பல பஸ்களில் தானியங்கித் தீயணைப்பின் நாசில்கள் இன்ஜின் அறையில் மட்டும்தான். முன்பக்கத் தீயை அது அணைக்காது. அதற்குள் ஃபோம், ரெக்சின், திரைச்சீலை எல்லாம் புகையாகிவிடும். மின்சாரத்தில் இயங்கும் ஏர் கதவு என்றால் வயர் எரிந்ததும் டிரைவர் சுவிட்ச் செத்துவிடும். எமர்ஜென்சி வால்வைத் திருகிக் காற்றை இறக்கினால்தான் கையால் தள்ள முடியும். அந்த வால்வு எங்கே என்று எந்தப் பயணிக்குக் காட்டுகிறார்கள்?

ரியர்ஆக்சில்:
அது தப்பிப்பது பற்றி. இங்கே கேள்வி பற்றுவது. டேங்குக்கு முன் நல்ல கனத்தில் தகடு போடச் சொன்னால் எடை கூடும் என்கிறார்கள்.

கரூர்_பட்டறை:
தகடு போடலாம், ஆனால் எப்படி என்பதைப் பாருங்க. தடுப்பு என்று வெல்டு வைக்கிற ஆங்கிளின் நுனியோ, போல்ட்டின் நீட்டிய மரையோ டேங்கைப் பார்த்து நின்றால் மோதலில் அதுவேதான் டேங்கைக் குத்தும். போல்ட் தலை டேங்க் பக்கம், நட்டு வெளிப்பக்கம்.